சைவத்துக்கு மாறியவர்களே, உங்கள் உடம்பு என்ன சொன்னது?

முத்துநகர்க்காரி:
புரட்டாசி முடிந்த பிறகும் மீன் வாங்கத் தோன்றவில்லை, அப்படியே சைவமாகிவிட்டேன். முட்டையும் நின்றது. பால், தயிர் எனக்குச் சிறு வயதிலிருந்தே ஒத்துக்கொள்ளாது. சில வருடங்கள் ஒரு குறையும் இல்லை. பிறகு பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் தெருவில் நடந்திருக்கிறேன்.

நரம்பு மருத்துவர் ஓர் இசைக்கவையைத் தட்டி என் கணுக்கால் எலும்பில் வைத்தார். "அதிர்வு நின்றதும் சொல்லுங்கள்" என்றார். கொஞ்ச நேரத்தில் "நின்றுவிட்டது" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் அதே கவையை எடுத்து என் மணிக்கட்டில் வைத்தார். அங்கே அது இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. என் காலுக்கு மட்டும் அது கேட்கவில்லை.

ரத்தத்தில் வைட்டமின் பி12, நரம்புக்கு வேண்டிய சத்து, அடிமட்டத்தில் இருந்தது. கல்லீரலில் இருப்பு உள்ளவரை வெளியே தெரியாதாம், வருடக்கணக்கில் ஓடுமாம். அதற்கு முன்பே சோர்வுக்கு என்று மருந்துக் கடையில் ஃபோலிக் அமிலம் என்ற இன்னொரு வைட்டமின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது ரத்தசோகையைச் சரிசெய்வதுபோல் காட்டி, நரம்புக் கோளாறை மறைத்துவிடும் என்றார் மருத்துவர். நான் அசைவத்தை விட்டபோது வாழ்த்தியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லையே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

விடுதி அறை:
அக்கா, உங்களுக்கு பி12, எனக்குப் புரதம். விடுதியில் சைவப் பந்திக்கு மாறியவனுக்குக் கிடைப்பது சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு. கோழி போடும் நாளில் அதற்குப் பதிலாக இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு. இரவு பத்து மணிக்கெல்லாம் வயிறு கூப்பிடும்.

ஒருநாள் சமையல் மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சாம்பார் அண்டாவில் நீளக் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி, மேலே தூக்கிக் காட்டினார். "பருப்பு அடியில் கிடக்கிறது தம்பி. வரிசையில் முதலில் வருகிறவனுக்குத் தண்ணீர்தான்" என்றார். தலைக்கு 20 கிராம் பருப்புதான் கணக்காம். 100 கிராம் துவரம்பருப்பில் புரதம் சுமார் 22 கிராம். அப்படியானால் ஒரு வேளைச் சாம்பாரில் எனக்குச் சேருவது நாலரை கிராம்கூட இல்லை. அன்றிலிருந்து, தண்ணீர் சேர்ப்பதற்கு முன்பே வெந்த பருப்பில் ஒரு கிண்ணம் எனக்கு மட்டும் எடுத்து வைக்கிறார். மாலையில் சுண்டலும் வேர்க்கடலையும் நானே வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என் பின்னால் தட்டோடு நிற்கும் மற்ற சைவப் பையன்களைப் பார்க்கும்போது அந்தக் கிண்ணம் நிம்மதியாக இறங்குவதில்லை.

காவிரிக்கரை:
இங்கே சைவத்தையே நோயாக்கிவிடுவீர்கள் போலிருக்கிறது. எங்கள் வீடு வழிவழியாகச் சைவம். என் பாட்டி கடைசிவரை கிணற்றில் தண்ணீர் இறைத்தவர். பி12 என்ற பெயரையே கேட்டதில்லை. காலையில் நீராகாரம் குடிப்பார், அதில் எல்லாம் இருக்கிறது.

மகனுடைய நண்பன் புதிதாகச் சைவத்துக்கு மாறி, எங்கள் வீட்டில் வந்து தங்கினான். வாழைப்பூ உசிலியையும் முருங்கைக்கீரைப் பொரியலையும் இலை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, ரசம் சோற்றையும் அப்பளத்தையும் மட்டும் சாப்பிட்டு எழுந்தான். "சைவம் என்றால் அசைவத்தை நிறுத்துவதுதானே மாமா?" என்று கேட்டான். கறியை எடுத்த இடத்தில் எதையும் வைக்காமல் விட்டால் உடம்பு என்ன செய்யும்? கூட்டு, பொரியல், பச்சடி, கடைசியில் மோர் என்று ஒழுங்காகச் சாப்பிட்டுப் பழகுங்கள். மாத்திரை தேவைப்படாது.

ரத்தப் பரிசோதனைக்காரன்:
காவிரிக்கரை ஐயா, பாட்டிக்குக் கைகொடுத்தது அந்தக் கடைசி மோர்தான், நீராகாரம் அல்ல. செடிகொடிகளில் பி12 கிடையாது. புளிக்கவைத்த சோற்றை நம்பி நரம்பை அடகு வைக்க முடியாது. சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருப்பதாக விற்கிறார்கள். அதில் பெரும்பகுதி நம் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாத போலி வடிவம்.

என் அனுபவம் சிறியது. பிறவிச் சைவரான ஒரு பெரியவர், தினமும் தயிர் சாப்பிடுகிறவர், அளவு குறைவாக வந்ததும் "மாதிரி மாறிவிட்டது, மறுபடி பாருங்கள்" என்று என் மேசையைத் தட்டினார். மறுபடியும் பார்த்தேன், அதே குறைவுதான். அவர் பல வருடங்களாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர். அந்த மருந்து பி12 உட்கிரகிப்பைக் குறைக்கும். அமிலத்தைக் குறைக்கும் வயிற்று மாத்திரைகளும் நீண்ட நாள் எடுத்தால் அப்படித்தான்.

ஆகவே மாறுகிறவர்களுக்குச் சொல்கிறேன். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் வேண்டும். 200 மில்லி பாலில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம் கிடைக்கும். பால், தயிர், முட்டை மூன்றும் இல்லையென்றால் மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ கட்டாயம். மாத்திரை தொடங்கும் முன்பே ரத்தம் கொடுங்கள். தொடங்கிய பிறகு பார்த்தால் அளவு ஏறியிருக்கும், பழைய குறை தெரியாது. சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு: 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். புரதத்துக்குச் சோயா உருண்டை: உலர்ந்த எடையில் பாதிக்குப் பாதி. அரிசியில் குறைவான லைசின் என்ற புரதக்கூறு பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவான மெத்தியோனின் என்ற இன்னொரு கூறு அரிசியில் இருக்கிறது. அதனால் பொங்கலும் இட்லியும் நல்ல கூட்டணிதான்.

மகளின் அம்மா:
தம்பி, இவ்வளவும் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் இரும்புச் சத்தை விட்டுவிட்டீர்கள். என் மகள் பத்தாம் வகுப்பில் கறியை விட்டாள். பிடிவாதக்காரி, நானும் தடுக்கவில்லை. ஓர் இரவு சமையலறையில் சத்தம் கேட்டுப் போனேன். அரிசித் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, பச்சரிசியை வாய் நிறைய மென்றுகொண்டிருந்தாள். "இப்படித் தின்றால் உன் கல்யாணத்தன்று மழை கொட்டும்" என்று என் மாமியார் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம்.

மாதவிடாய்ப் போக்கு அதிகமாகி மருத்துவரிடம் போனபோது, அவர் கேட்ட முதல் கேள்வி: "அரிசி, சாக்பீஸ், ஐஸ்கட்டி ஏதாவது தின்கிறாளா?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஹீமோகுளோபின் வெறும் 8. இரும்புச் சத்து குறைந்தால் இப்படி ஆசை வருமாம். கீரையும் பயறும் அவள் சாப்பிடாமல் இல்லை; சாப்பிட்ட கையோடு டீ குடிப்பாள். டீ இரும்பைச் சேரவிடாது. இப்போது டீ ஒரு மணி நேரம் தள்ளி. இரும்பு நன்றாகச் சேரக் கீரைக்கு எலுமிச்சை பிழிகிறேன், பயறோடு நெல்லிக்காய்ப் பச்சடி வைக்கிறேன். இரும்பு மாத்திரையும் மருத்துவர் சொன்ன காலம்வரை கொடுத்தேன். அரிசித் தூக்கை அவள் இப்போது திரும்பியும் பார்ப்பதில்லை. கறியும் தொடுவதில்லை, அது அவள் விருப்பம்.

முத்துநகர்க்காரி:
என்ன சிகிச்சை என்று தனிச் செய்தியில் நிறையப் பேர் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன். முதலில் ஊசி, பிறகு மாத்திரை. மரப்பு மெல்லத்தான் குறைகிறது. விரல் நுனிகளில் இன்னும் இருக்கிறது. பி12 மாத்திரை மாட்டு ஈரலிலிருந்து எடுப்பதோ என்ற கவலை எனக்கும் இருந்தது. இல்லை, நுண்ணுயிர்களை வளர்த்துத்தான் தயாரிக்கிறார்கள். ஆனால் கேப்ஸ்யூலாக இருந்தால் உறை ஜெலட்டினா என்று கேட்டு வாங்குங்கள். அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. உறையில்லாத மாத்திரையாகவே கேட்டால் கடையில் எடுத்துத் தருவார்கள்.