அந்த ஓடையின் பெயரைச் சொல்லத்தான் வேண்டுமா?

செங்கோட்டை ஸ்பிளெண்டர்:

போன ஞாயிறு நம் குழுவில் மூன்று படங்கள் போட்டிருந்தேன். முதலாவது, சாரல் இறங்கும் காலையில் புளியரை வயல். இரண்டாவது, கழுதுருட்டியில் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் பதிமூன்று கண் ரயில் பாலம். மூன்றாவது, எஸ்டேட் பாதை ஓரம் பாறையில் வழியும் ஓர் ஓடை, பக்கத்தில் என் வண்டி. முதல் இரண்டுக்கும் இடத்தைச் சொன்னேன். மூன்றாவதற்குச் சொல்லவில்லை. பலர் கேட்டீர்கள், சிலர் கோபித்தும் கொண்டீர்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிடக் காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நான் செங்கோட்டையிலிருந்து தென்மலைக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவன். பதினோரு வருடமாக அதே சாலை, அதே நூறு சிசி வண்டி. புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது கணவாய்க் காற்று முகத்தில் அறையும். தென்காசியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே இங்கே ஹெல்மெட் கண்ணாடி நனைந்துவிடும். மழைக்கோட்டை எங்கே நிறுத்தி மாட்டுவது, எங்கே கழற்றுவது என்பதே தினசரிக் கணக்கு. லடாக்கோ ஸ்பிட்டியோ நான் போனதில்லை. இந்த அன்றாடச் சாலையைத்தான் படமெடுத்துப் போடுகிறேன். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் எழுதும் நாலு வார்த்தைக்காக மறுநாளும் வண்டியை நிறுத்துகிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் இதேபோல ஒரு நீர்த்துறையின் பெயரையும் வழியையும் எழுதினேன். இரண்டு மழைக்காலம் தாண்டவில்லை, அங்கே உடைந்த மதுப் பாட்டிலும் பிரியாணிப் பொட்டலமும் குவிந்துவிட்டன. அது லயத்துப் பெண்கள், அதாவது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புப் பெண்கள், துணி துவைக்க வரும் துறை. ஒரு நாள் போனபோது ஒரு பாட்டி காலில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி குத்திவிட்டது. "உன்னைப் போல வண்டியில் வருகிற பிள்ளைகள்தான் அய்யா" என்றார். அடுத்த கோடையில் பாதையின் குறுக்கே சங்கிலி போட்டுவிட்டார்கள். லயத்துப் பெண்களுக்கும் அதே சங்கிலிதான். அதைக் கட்டியது என் கைதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆகவே இனி சொல்ல மாட்டேன்.

மேற்கு வாசல்:

அண்ணாச்சி, அந்தப் பாட்டியின் காலைப் பற்றிப் படித்த கையோடு உங்களை எதிர்த்து எழுத மனம் வரவில்லை. ஒரு நாள் பொறுத்திருந்தேன். பொறுத்த பிறகும் உங்கள் முடிவு தவறு என்றே படுகிறது.

பாட்டிலை உடைத்தவன் உங்கள் பதிவைப் படித்துத்தான் வந்தானா? நம் மலையடிவாரத்தில் யாரும் எழுதாத ஓடைகளிலும் பாட்டில் கிடக்கிறது. குடிக்க இடம் தேடுகிறவனுக்கு அழகான இடம் தேவையில்லை, மறைவான இடம் போதும். நீங்கள் பெயரை மறைப்பதால் தடுக்கப்படுவது அவன் அல்ல, ஒழுங்காக வந்து பார்த்துவிட்டுப் போகிறவன்தான்.

இன்னொன்று. பெயர் இல்லாத படம் அனாதைப் பிள்ளை மாதிரி, கையில் கிடைத்தவர் எல்லாம் சொந்தம் கொண்டாடுவார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிற புளியரை வயலின் படம் "கேரளத்தின் பேரழகு" என்று சுற்றி வருவதை எத்தனை முறை பார்த்துவிட்டேன். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். ஊர் வாசல் வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறது. இப்படி எல்லையில் இருக்கிற ஊர்க்காரன் தன் வயலுக்கும் ஓடைக்கும் தானே பெயர் சொல்லாவிட்டால், வேறொருவன் வேறொரு பெயர் வைத்துவிடுவான். தென்மலைப் பக்கத்துச் சரணாலயத்துக்குச் செந்துருணி என்ற பெயர் செங்குறிஞ்சி மரத்தால் வந்தது. பெயரைக் கேட்டதால்தான் நான் அந்த மரத்தைத் தேடிப் பார்த்தேன்.

கடையநல்லூர் எக்ஸ்எல்:

நான் சின்னவன், குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல் 100-ஐ ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்குத் தருவார். எங்கள் தெருவில் பைக்கில் ஊர் சுற்றும் கூட்டம் எதுவும் கிடையாது, வழி சொல்ல ஆள் கிடையாது. அண்ணாச்சி பெயரோடு போட்ட படத்தைப் பார்த்துத்தான் பதிமூன்று கண் பாலத்துக்குப் போனேன். 1904-இல் திறந்த ரயில் பாதை, 2018-இல் அகலப் பாதையாக மாறிய பிறகும் அதே பாலத்தின் மேல்தான் வண்டி போகிறது என்பதெல்லாம் அங்கே போன பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவை. நண்பர்கள் இருப்பவருக்குக் காதோடு காதாக இடம் தெரிந்துவிடும். என்னைப் போன்றவனுக்கு நீங்கள் எழுதினால்தான் உண்டு.

பொதிகை நிழல்:

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு நெரிசல் முற்றியதற்குப் பிறகு வந்தது அது. நம் பக்கத்து மலைகளுக்கும் அந்த நிலை வர வேண்டுமா? ஸ்பிளெண்டர் அண்ணாச்சி பேசாமல் இருப்பதே நல்லது.

மேற்கு வாசல்:

அதே ஊட்டியும் கொடைக்கானலும்தான் என் பக்கத்துச் சாட்சி. ஊருக்கெல்லாம் இரண்டு பெயர் மட்டும் தெரிந்தால் எல்லாரும் அந்த இரண்டிலேயே போய் விழுவார்கள். நூறு இடத்தின் பெயர் தெரிந்தால் ஓரிடத்துக்குப் பத்துப் பேர் வருவார்கள். பத்துப் பேரை எந்த ஓடையும் தாங்கும்.

சூரியகாந்திக் காடு:

பத்துப் பேர் என்று எழுதியிருக்கிறீர்கள், மேற்கு வாசல். நான் சுந்தரபாண்டியபுரத்துக்காரன். பத்து எப்படி ஆயிரம் ஆகிறது என்பதை வரப்பில் நின்று பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் படியுங்கள்.

சினிமாக்காரர்களால் எங்கள் ஊர் ஏற்கெனவே தெரிந்த ஊர்தான். ஆனால் அவர்கள் வந்தால் கேட்டுக்கொண்டு வருவார்கள், முடித்துக்கொண்டு போவார்கள். கைபேசிப் படம் அப்படி இல்லை. ஆடி மாதத்தில் பூ விரிந்தால் ஞாயிறு காலையிலேயே கொல்லம், பத்தனம்திட்டா, திருவனந்தபுரம் பக்கத்திலிருந்து கார் வரிசை தொடங்கிவிடும். அதன் பின்னால் பைக்குகள். வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மழையும் ரப்பருமாகப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு மஞ்சள் வெளி எவ்வளவு பெரிய காட்சி என்று எனக்குத் தெரியும். இளநீர், வெள்ளரி, நுங்கு விற்கும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் அந்த ஆறு வாரத்தில் நாலு காசு கிடைக்கிறது.

ஆனால் செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் போடும் வீரிய ஒட்டு ரகத்தில் ஒரு செடிக்கு ஒரே ஒரு பூத்தான். அது ஒடிந்தால் கிளைத்து வேறு வராது, அந்தச் செடியின் கதை முடிந்தது. விதைத்து ஏறக்குறைய அறுபதாம் நாள் பூக்கும், மூன்று மாதத்தில் அறுவடை. வரிசைக்கு வரிசை இரண்டடிதான் இடைவெளி. அதற்குள் ஒரு குடும்பம் படமெடுக்க நுழைந்தால் தோளும் துப்பட்டாவும் உரசியே இரண்டு பக்கமும் தண்டு சாயும். இன்னும் ஒன்று, மணி பிடிக்கத் தேனீ வர வேண்டும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை தேனீ வேலை செய்கிற நேரம். சரியாக அதே நேரத்தில்தான் கூட்டமும் உள்ளே நிற்கிறது. போன வருடம் ரோட்டோரத்து இரண்டு சென்ட் நிலத்தில் எனக்கு மிஞ்சியது வெறும் தட்டை.

இதனால் நான் பெயரை மறைக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள், மாதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். காடு எது என்று மட்டும் வரைபடத்தில் புள்ளி குத்திக் காட்டாதீர்கள். இந்த வருடம் சூரியகாந்தி போட்ட காட்டில் அடுத்த வருடம் வேறு பயிர் இருக்கும். பழைய புள்ளியைப் பிடித்துக்கொண்டு ஐப்பசியில் வந்து நின்று, "பூ எங்கே?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. நூற்றைம்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்தவரை வெறும் மண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பது எனக்கும் மனக்கஷ்டம்தான்.

மேற்கு வாசல்:

ஒரு செடிக்கு ஒரே பூ என்பது எனக்கு இதுவரை தெரியாது. நானும் வரிசைக்குள் நின்று படம் எடுத்திருக்கிறேன். உங்கள் காடாக இருந்திருக்கலாம். வருந்துகிறேன்.

ஆரியங்காவு விடியல்:

எல்லாரும் இடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் செவிலியர். ஆரியங்காவிலிருந்து தென்காசிப் பக்கம் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறேன். காலை வேலை இருக்கும் நாளில் விடிவதற்கு முன்பே மலை இறங்க வேண்டும். நானும் ஒரு காலத்தில் எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே நின்று போட்டுவிடுவேன். ஒரு நாள் பெட்ரோல் பங்கில் முன்பின் தெரியாத ஒருவர், "தினமும் ஐந்தே முக்காலுக்கு வளைவில் நிறுத்துவது நீங்கள்தானே" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அன்று முதல் ஒரு மாதம் அந்த வளைவில் வண்டியை நிறுத்தவே எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது எந்தப் படமானாலும் ஒரு வாரம் கழித்துத்தான் போடுகிறேன்.

அதே சமயம் சாலைச் செய்தி வேறு. எஸ் வளைவில் பனி மூடியிருக்கிறது, கல் ஏற்றிய லாரி ஒன்று ஏற்றத்தில் நின்றுவிட்டது, மரம் சாய்ந்திருக்கிறது, பாதையோரம் யானை நிற்கிறது என்றால், அதை அந்த நொடியே, எந்தக் கிலோமீட்டர் கல் என்பது உட்படச் சொல்ல வேண்டும். அதை மறைப்பது பாவம். மேற்கு வாசல் தம்பி சொல்வது அங்கே சரி. காட்சியையும் எச்சரிக்கையையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால்தான் இந்த விவாதம் முடிய மாட்டேன் என்கிறது.

ஸ்பிளெண்டர் அண்ணாச்சிக்கு இன்னொரு செய்தி. கைபேசியில் இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், எடுக்கும் படத்துக்குள்ளேயே அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் கழன்றுவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே கூடப் போகும். நம் குழுவில் ஓடைப் படத்தை, தெளிவாகத் தெரியட்டும் என்று நீங்கள் ஆவணமாகத்தான் அனுப்பியிருந்தீர்கள். திறந்து பார்த்தேன், ஓடை இருக்கும் இடம் துல்லியமாக அதில் இருக்கிறது. நான் யாரிடமும் சொல்லவில்லை. உடனே நீக்கிவிடுங்கள்.

செங்கோட்டை ஸ்பிளெண்டர்:

நீக்கிவிட்டேன் அம்மா. கை நடுங்கிவிட்டது. பெயரைச் சொல்லவில்லை என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேன். எத்தனை பேர் எடுத்து வைத்திருக்கிறார்களோ. கேமராவில் இருப்பிட அனுமதியையும் இப்போதுதான் என் மகளிடம் கேட்டு நிறுத்தினேன்.

மேற்கு வாசல்:

எடுத்து வைத்தவர்களில் நானும் ஒருவன். இதை மறைத்துக்கொண்டு மேலும் வாதாடுவது சரியல்ல.

சனிக்கிழமை காலை அந்த ஓடைக்குப் போயிருந்தேன், அண்ணாச்சி. நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் ரப்பர்த் தோட்டத்துக்குள் மண் பாதை. மழைச் சேற்றில் பின்சக்கரம் இரண்டு முறை வழுக்கியது. ஓடைச் சத்தம் கேட்டதும் வண்டியை அணைத்துவிட்டு நடந்தேன். கீழே மூன்று பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார், மற்ற இருவரையும் பார்த்தார். மூவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் அடுத்தவர் வீட்டுப் பின்கட்டில் நுழைந்துவிட்ட கூச்சம் எனக்கு வந்துவிட்டது. கைபேசியை எடுக்காமலே திரும்பிவிட்டேன். திரும்பும்போது பின்னால் அவர்கள் மறுபடி பேசத் தொடங்கிய சத்தம் கேட்டது.

பெயர் சொல்ல வேண்டும் என்ற என் எண்ணம் மாறவில்லை. ஆனால் அந்த ஓடையின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்று உங்களிடம் சண்டை போட்டது தவறான ஆளிடம் போட்ட சண்டை. கேட்க வேண்டியது அந்த மூன்று பேரிடம். நீங்களும் கேட்கவில்லை அண்ணாச்சி, அவர்களுக்காக நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். அங்கே ஒரு தேநீர்க் கடை போட்டுப் பிழைக்கலாம் என்று அவர்களில் ஒருவர் நினைத்தால்?

செங்கோட்டை ஸ்பிளெண்டர்:

அப்படி நினைத்தால் அந்தக் கடையில் முதல் தேநீர் குடிப்பவன் நானாக இருப்பேன், தம்பி. ஆனால் சங்கிலி விழுந்த துறையில் யாரும் கடை போடவில்லை. பாட்டில் பொறுக்கிய பிள்ளைகளைத்தான் பார்த்தேன். கேட்கச் சொல்கிறீர்கள், கேட்கிறேன். அந்த லயத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது. வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுகிறேன், நான் மட்டும் போய் நின்றால் அவர்கள் மனம்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிறகு இந்தப் பேச்சை இங்கே யாரும் எடுக்கக் கூடாது.

மேற்கு வாசல்:

சம்மதம். என்னிடம் இருந்த படத்தையும் அழித்துவிட்டேன்.

கடையநல்லூர் எக்ஸ்எல்:

எனக்கு ஓடை வேண்டாம் அண்ணாச்சி. சூரியகாந்தி பார்க்க வரலாமா? எந்த நேரம் வந்தால் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது?

சூரியகாந்திக் காடு:

தாராளமாக வா தம்பி. இந்த வருடம் ரோட்டோரத்தில் கயிறு கட்டியிருக்கிறோம். கயிற்றுக்கு வெளியே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில், காசு கிடையாது. முற்றிய பூ கிழக்குப் பார்த்தே நிற்கும், மாலையில் மேற்கே திரும்பாது. அதனால் காட்டுக்குக் கிழக்கே நின்றால் முகம் தெரியும், மேற்கே நின்றால் முதுகுதான். காலை எட்டுக்குள் வந்துவிட்டால் வெளிச்சமும் நன்றாக இருக்கும், தேனீக்கும் இடைஞ்சல் இல்லை. எக்ஸ்எல்லை வரப்பில் ஏற்றாமல் பள்ளிக்கூடத்துப் பக்கம் நிழலில் நிறுத்திவிட்டு நடந்து வா. அப்பாவையும் பின்னால் உட்கார வைத்து வந்தால் இன்னும் சந்தோஷம், இரண்டு பேருக்கும் ஹெல்மெட் இருக்கட்டும்.