கருவரிச்சு, கலமூப்பு, இளமூப்பு: நியூக்கிளியர் லமினாவுக்கு ஒரு தமிழ்ச் சொல்

அனுப்புபவர்: உயிரியல் ரீச்சர், உப்புவெளி

எல்லோருக்கும் வணக்கம். உயர்தர மாணவருக்கான துணைநூலில் 'கலங்கள் ஏன் மூப்படைகின்றன' என்ற பகுதி மூன்று சொற்களில் முட்டி நிற்கிறது.

முதலாவது நியூக்கிளியர் லமினா. கருவுறையின் உள்மென்சவ்வுக்கு அடியில் லமின் ஏ, சி, பி1, பி2 ஆகிய புரதங்கள் ஏறத்தாழ 3.5 நனோமீற்றர் தடிப்புள்ள இழைகளாகப் பின்னிக் கிடக்கும் படை இது. கருவுக்கு வடிவம் கொடுப்பதும் டிஎன்ஏயும் புரதமும் சேர்ந்த குரோமற்றினில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை ஓரத்தில் பிடித்து வைத்திருப்பதும் இதுதான். இப்போதைய படியில் 'கருத்தகடு' என்று இருக்கிறது. தகடு என்றால் விறைப்பானது, துளையில்லாதது. இதுவோ பின்னல். போதாக்குறைக்கு, வேகமாக வாசித்தால் கண் 'கருத்து' என்று ஓடிவிடுகிறது.

இரண்டாவது, கருவில் இருக்கும் புரதங்களுக்கான பொதுப்பெயர். 'கருப்புரதம்' வேண்டாம். கறுப்பைக் 'கருப்பு' என்று எழுதும் தமிழ்நாட்டு வாசகர் அதைக் 'கருப்பு ரதம்' என்று பிரிப்பார். அங்கே கரு என்றால் முளையம், இலங்கையில் நாம் கரு என்பதை அவர்கள் உட்கரு என்பார்கள். ஆகவே பிரித்து எழுதினாலும் பொருள் மாறும்.

மூன்றாவது, கலம் பிரிவதை நிரந்தரமாக நிறுத்திக்கொள்ளும் நிலை. படியில் 'கல முதிர்ச்சி' என்று இருக்கிறது. எனக்குச் சரியாகப் படவில்லை.

---

அனுப்புபவர்: தமிழ் ஐயா, தம்பலகாமம்

அன்புள்ள ரீச்சர், லமினாவுக்கு 'வலை' என்று எழுத முதலில் தோன்றும். ஆனால் கலத்துக்குள் மென்சவ்வுகளாலான அகமுதலுருச் சிறுவலை ஏற்கெனவே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. இரண்டும் கருவுறைக்குப் பக்கத்திலேயே இருப்பவை என்பதால் பிள்ளைகள் கட்டாயம் குழம்புவார்கள்.

நான் தருவது 'வரிச்சு'. மண்வீட்டுச் சுவருக்குக் கப்பு நட்டு, குறுக்கே மெல்லிய கம்புகளைச் சாண் இடைவெளியில் உள்ளும் புறமும் கட்டுவதை வரிச்சுப் பிடித்தல் என்கிறோம். குழைத்த களியை உருண்டையாக உருட்டி அழுத்தினால் அது வரிச்சைக் கவ்விக்கொள்ளும். ஒரு கட்டு உக்கிப்போனால் அந்த இடத்தில்தான் சுவர் வயிறு தள்ளும். வடிவம் கொடுப்பது, பொருளைப் பிடித்து வைப்பது, தளர்ந்தால் புடைப்பது மூன்றும் ஒரே சொல்லுக்குள் வருகின்றன. ஆகவே 'கருவரிச்சு'.

பொதுப்பெயருக்குக் 'கருவுட்புரதம்' என்று எழுதலாம். 'உள்' இருப்பதால் உட்கரு என்று சொல்லிப் பழகியவர்களுக்கும் பொருள் எட்டும்.

---

அனுப்புபவர்: ஆய்வுகூடத்திலிருந்து, மூதூர்

ஐயா, ரீச்சர், வணக்கம். கருவரிச்சை எடுத்து வேலைக்குள் போட்டுப் பார்த்தேன். ஓரிடம் இடிக்கிறது. சுவரின் வரிச்சு நிலையானது, லமின் பின்னல் அப்படியல்ல. கலம் இரண்டாகும் இழையுருப்பிரிவின்போது சிடிகே1 என்ற நொதியம் லமின்களுக்குப் பொசுபேற்றுக் கூட்டங்களை ஏற்ற, பின்னல் அவிழ்ந்துவிடும். பிறகு மகட்கருக்களைச் சுற்றி மீண்டும் கட்டப்படும். ஆனால் 'வரிச்சு அவிழ்தல்', 'வரிச்சுக் கட்டுதல்' என்று வினைகள் தாமாக அமைகின்றன. 'தகடு அவிழ்தல்' என்று எழுதவே முடியாது. எனவே இந்த இடிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

'முதிர்ச்சி'யைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அந்தச் சொல் புரதத்துக்குத் தேவை. லமின் ஏ முதலில் 664 அமினோவமிலங்கள் கொண்ட முன்லமினாக உருவாகிறது. அதன் வாலில் பானசைல் என்ற இலிப்பிட்டுக் கூட்டம் ஏறி மென்சவ்வில் ஒட்டும். கடைசி 3 அமினோவமிலங்கள் முதலில் அறுபடும். பிறகு ஸெட்எம்பிஎஸ்ரிஈ24 என்ற நொதியம் மேலும் 15ஐ பானசைலோடு சேர்த்து வெட்டிவிட, 646 கொண்ட முதிர் லமின் ஏ விடுபடும். இதுதான் முதிர்ச்சி.

பிள்ளைகளைச் சிறுவயதிலேயே மூப்படையச் செய்யும் ஹட்சின்சன்–கில்போட் நோயில், லமின் ஏயை உருவாக்கும் எல்எம்என்ஏ பரம்பரையலகின் 1824ஆம் இடத்துச் சைற்றோசின் தைமினாகிறது. இதை 2003இல் கண்டறிந்தார்கள். கிளைசின் கிளைசினாகவே இருக்கிறது, அமினோவமிலம் மாறுவதில்லை. ஆனால் ஆர்என்ஏயை வெட்டி ஒட்டும்போது ஒரு மறைந்த வெட்டுமுனை விழித்துக்கொள்ள, 150 நியூக்கிளியோரைட்டுகள் தவறிப்போகின்றன. அதனால் இழக்கப்படும் 50 அமினோவமிலங்களுக்குள்தான் அந்த நொதியம் வெட்ட வேண்டிய இடமும் இருக்கிறது. பானசைல் வால் கழலாத இந்தப் புரதந்தான் புரொஜெரின். அது உள்மென்சவ்விலேயே ஒட்டிக்கிடந்து கருவைக் கோணலாக்குகிறது. புரதம் முதிராததால் கலம் மூக்கிறது. இந்த வசனத்தில் முதிர்ச்சியும் மூப்பும் ஒரே பொருளில் வந்தால் பாடமே கவிழ்ந்துவிடும். 'கலமூப்பு' என்றே வையுங்கள். இலை மூப்படைதல் என்று பாடநூலில் முன்பே இருக்கிறது.

செய்முறைப் பகுதிக்குச் சில எச்சரிக்கைகள்:

கலமூப்பு அடைந்த கலங்களில் லமின் பி1 குறையும் என்பது 2012 முதல் ஓர் அடையாளமாகவே பயன்படுகிறது. ஆனால் புரதங்களை ஜெல்லில் பிரித்துப் பிறபொருளெதிரியால் இனங்காணும் வெஸ்ரேர்ன் புளொற்றில், சம அளவு கருச்சாறு ஏற்றினோமா என்று பார்க்கும் ஒப்பீட்டுப் புரதமாகப் பலரும் வைப்பது இதே லமின் பி1ஐத்தான். மூப்பு ஆய்வில் அப்படி வைத்தால் குறைய வேண்டியதே அளவுகோலாகி, மற்றப் புரதமெல்லாம் கூடினதுபோலக் காட்டும். ஹிஸ்ரோன் எச்3 போன்ற வேறொன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

லமின் ஏ/சி பிறபொருளெதிரி புரொஜெரினையும் பிடிக்கும். ஜெல்லில் லமின் ஏ 70 கிலோடால்டனுக்குச் சற்று மேலேயும், சி 65 அருகிலும், இரண்டுக்கும் நடுவே புரொஜெரினும் நிற்கும். 8% ஜெல்லில் நீண்ட நேரம் ஓட்டாவிட்டால் மூன்றும் ஒன்றாய் அப்பிவிடும்.

ஒளிர்சாயத்துக்கு: 4% பரபோமல்டிகைட்டில் 10 முதல் 15 நிமிடம், 0.25% ரைற்றன் எக்ஸ்-100இல் 10 நிமிடம், 3% அல்புமினில் ஒரு மணிநேரம், பிறபொருளெதிரியில் 4 பாகை செல்சியசில் இரவு முழுவதும். மூடித்துண்டு இடையில் காய்ந்தால் புள்ளிபுள்ளியாய்ப் பின்னணி ஒளிரும். நுணுக்குக்காட்டியைக் கருவின் நடுமட்டத்தில் குவித்தால் கருவரிச்சு மெல்லிய வளையமாகத் தெரியும். உச்சியில் குவித்தால் முழுத்தட்டாகத் தெரியும். வரிச்சு தடித்துவிட்டது என்று மாணவர் எழுதுவது பெரும்பாலும் இதனால்தான்.

மூப்படைந்த கலங்களை நீலமாகக் காட்டும் பீற்றா-கலக்ரோசிடேசு என்ற நொதியச் சோதனையின் நீலநிறம் மட்டும் கலமூப்புக்குச் சான்றாகாது. பிஎச் 6.0 சற்றுப் பிசகினாலும், கலங்கள் நெருங்கி வளர்ந்திருந்தாலும் பொய்யாக நீலம் வரும்.

---

அனுப்புபவர்: உயிரியல் ரீச்சர், உப்புவெளி

ஐயாவுக்கும் தம்பிக்கும் மிக்க நன்றி. கருவரிச்சு, கருவுட்புரதம், கலமூப்பு மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். முதிர்ச்சி இனிப் புரதத்துக்கு மட்டுமே. லமின், புரொஜெரின் பெயர்ச்சொற்கள், அப்படியே இருக்கட்டும்.

ஹட்சின்சன்–கில்போட் நோயின் தமிழ்ப் பெயர் மிச்சம். 'முன்மூப்பு' என்று எழுதினால் பக்கத்திலேயே 'முன்லமின்' வருகிறது. ஒரு 'முன்' காலத்துக்கு முந்தியது, மற்றது முதிர்வதற்கு முந்தைய வடிவம். இளநரை என்று நாம் சொல்வதுபோல 'இளமூப்பு' என்று எழுதலாமா?

---

அனுப்புபவர்: தமிழ் ஐயா, தம்பலகாமம்

இளமூப்பு நல்ல சொல். ஆனால் ஒரு வரி சேருங்கள்: இளமூப்பு என்பது நோய், கலமூப்பு எல்லா உடலிலும் நடப்பது. புரொஜெரின் சிறிதளவு நோயற்றவர் கலங்களிலும் உண்டாகிறது என்று 2006இல் காட்டினார்கள். அதை அறிந்த பிள்ளை இரண்டையும் ஒன்றாக்கிவிடக்கூடும். எழுத்திலும் முதல் இரண்டெழுத்துத்தான் வேறு, 'இள' என்பதும் 'கல' என்பதும் அச்சில் தடித்த எழுத்தில் வரட்டும்.