மூன்றாம் பாகம் இல்லாமல் நான்காம் பாகத்தைப் படிக்கலாமா?

மந்தைவெளி வாசகி:

வணக்கம். கேள்வி தலைப்பிலேயே இருக்கிறது. முன்கதைதான் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து இங்கிலாந்துப் பெண்களைப் பற்றித் தொடர் தொடராக வரும் ஆங்கில நாவல்களைப் பார்த்திருப்பீர்கள். அட்டையில் மூன்று நான்கு பெண்கள் கைகோத்து நடந்து வருவார்கள். பின்னால் புகை படிந்த செங்கல் வீடுகள், வானத்தில் ஒரு விமானம். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. போன மாதம் லஸ் பக்கம் நடைபாதையில் ஒரு தொடரின் முதல், இரண்டாம், நான்காம் பாகங்கள் மொத்தமாக 150 ரூபாய்க்குக் கிடைத்தன. மூன்றாவதைக் கேட்டேன். கடைக்காரர் மேலே பார்த்துக் கையை விரித்தார்.

கதை லிவர்பூலில் நடக்கிறது. ஒருத்தி பஸ் கண்டக்டர், ஒருத்தி வெடிகுண்டு ஆலைத் தொழிலாளி, ஒருத்தி நர்ஸ். நான்காமவள் இவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கும் விதவை. 1941 மே மாதம் முதல் வாரத்தில் அந்த ஊரின் மேல் இரவுக்கு இரவு குண்டு விழுந்ததல்லவா, அந்த வாரத்தின் நடுவில் இரண்டாம் பாகம் முடிந்துவிடுகிறது. தாங்காமல் நான்காம் பாகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். அடுப்படி மேசையில் மூன்று கோப்பைகள் இருந்தன. நான்கு இருந்திருக்க வேண்டும். சட்டென்று மூடிவிட்டேன். இரண்டு வாரமாகிறது, அது அலமாரியில் முகம் திருப்பிக்கொண்டு நிற்கிறது.

என் மகன் இவற்றைச் சண்டையே வராத சண்டைக் கதைகள் என்கிறான். சண்டை வருகிறது, சர்க்கரை வாங்கும் வரிசையில் வருகிறது. 1940 ஜனவரியில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் உப்பிட்ட பன்றி இறைச்சிக்கும் ரேஷன் போட்டார்கள். ஜூலையில் தேயிலைக்கும் போட்டார்கள்: ஆளுக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ். அது எவ்வளவு என்று பார்க்க, சமையலறைத் தராசில் 57 கிராம் தேயிலையை நிறுத்து டபராவில் கொட்டினேன். பாதி டபரா கூட நிறையவில்லை. அதில் ஒரு கரண்டியைத் தோழிக்காக ஒருத்தி காகிதத்தில் மடித்து எடுத்து வருகிறாள் என்றால், அந்த அத்தியாயத்தை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடிவதில்லை.

இன்னொன்று. காலுறை கிடைக்காத அந்த நாட்களில், குழம்புக்கு நிறம் சேர்க்கும் பொடியைக் கரைத்துக் கால்களில் பூசிக்கொள்வார்களாம். காலுறையின் தையல் போலத் தெரிவதற்குக் கெண்டைக்காலின் பின்புறம் புருவ மையால் ஒரு கோடு இழுக்க வேண்டும். தன் காலுக்குப் பின்னால் தானே நேர்க்கோடு போட்டுக்கொள்வது யாருக்கும் எளிதல்ல. அதற்கு இன்னொருத்தி மண்டியிட வேண்டும். இதைப் படித்தபோது புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். 1976இல் நான், வெளியூர்த் தொலைபேசி அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். இரவுப் பணிக்கு முன்னால் ஓய்வறையில் எங்களில் ஒருத்தி குனிந்து மற்றவள் புடவைக் கொசுவத்தைப் பிடித்து நீவிவிடுவாள். கஞ்சிபோட்ட பருத்திப் புடவைக்குத் தன் கை மட்டும் போதாது. நாங்கள் நால்வரும் தேடிச் சேர்ந்த தோழிகள் அல்ல. டியூட்டி சார்ட் சேர்த்துவைத்தது. கதையில் வரும் பெண்களைப் போர் சேர்த்துவைத்தது. பிறகு, 20 முதல் 30 வயது வரையுள்ள மணமாகாத பெண்கள் போர்க்காலப் பணிக்கு அழைக்கப்படலாம் என்று 1941 டிசம்பரில் சட்டமே கொண்டுவந்தார்கள். என்னைச் சொக்கவைப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆக இரண்டு கேள்விகள். மூன்றாம் பாகத்தைத் தாண்டிப் படிக்கலாமா? இப்படி ஏதாவது தமிழில், நம் ஊரை வைத்து, உண்டா? தொடரின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் யாராவது முடிவைச் சொல்லிவிடுவீர்கள்.

பழைய தாள்:

அம்மா, தாண்டலாம், தாண்டாதீர்கள். இந்த வகை எழுத்தாளர்கள் ஒவ்வொரு பாகத்தின் தொடக்கத்திலும் போன பாகத்துக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுவார்கள். கதை புரியாமல் போகாது. ஆனால் ஒரு முழுப் பாகத்தின் சாவு உங்களுக்கு ஒரு வரிச் செய்தியாக வந்து சேரும். தந்தி வாங்குவது போல.

தொடரின் பெயரைச் சொன்னால்தானே தேடித் தர முடியும்?

கோடம்பாக்கத்துக் கிழவன்:

நானும் நாலைந்து படித்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். வெல்லப்பாகு. நம் மாத நாவல்களுக்கும் இவற்றுக்கும் அட்டைத் தடிமன்தான் வித்தியாசம். எல்லாம் ஐரோப்பாவில் போர் முடிந்த 1945 மே 8ஆம் தேதி தெருவில் மேசை போட்டுக் கேக் வெட்டுவதோடு முடியும். போர் நடந்தபோது ரேஷனில் வராத ரொட்டி 1946 ஜூலையில் ரேஷனுக்கு வந்தது. ரேஷன் முழுவதும் ஒழிய 1954 ஆயிற்று. ஆண்கள் திரும்பி வந்ததும் எத்தனையோ பெண்களை ஆலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கைகோத்து நடந்தவர்கள் அதன்பின் எங்கே போனார்கள்? அதை எழுத ஆள் இல்லை, எழுதினால் விற்காது.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த 57 கிராம் தேயிலை எங்கே விளைந்தது? அஸ்ஸாமிலும் இலங்கையிலும். இலங்கை மலையில் அதைக் கிள்ளிக் கூடையில் போட்டவள் நம் ஊர்ப் பெண். 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். லிவர்பூல் மேசையில் அமர்ந்து கோப்பைகளை எண்ணும்போது இதையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை.

வடபழனி வாசகர்:

ஜான்சி ராணிப் படையை யாராவது நாவலாக எழுதியிருந்தால் வாசகிக்குப் பிடிக்கும். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்று 1943இல் சிங்கப்பூரில் தொடங்கிய படை. தலைவி கேப்டன் லட்சுமி நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சேர்ந்தவர்களில் பலர் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். தோழமைக்கு இதைவிட நல்ல களம் ஏது?

எவாக்குவேஷன் பேத்தி:

நாவல் தெரியாது. பாட்டி சொன்னது தெரியும். தமிழில் போர் என்றால் எல்லோரும் ‘புயலிலே ஒரு தோணி’யைக் கையில் கொடுப்பார்கள். பெரிய நாவல், மறுப்பில்லை. ஆனால் அது மெதானிலும் பினாங்கிலும் திரிகிறது, ஆண்களோடு.

1942 ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது நாம்தான் என்று சென்னையே மூட்டை கட்டியது. கூண்டு உடைந்தால் என்ன ஆகும் என்று மிருகக்காட்சிச்சாலையில் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்ற மாதம் அது. எங்கள் வீட்டில் இன்றும் அதற்கு “எவாக்குவேஷன்” என்றுதான் பெயர். பாட்டி எந்தச் சம்பவத்தைச் சொன்னாலும் எவாக்குவேஷனுக்கு முன், எவாக்குவேஷனுக்குப் பின் என்றுதான் சொல்வாள்.

திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம். ஒரு கிணறு, ஆறு குடும்பம். பாட்டிக்கு அப்போது 19 வயது, கையில் குழந்தை. தாத்தாவுக்கு வேலை இங்கே, பாட்டியைக் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த குடித்தனத்துப் பெண்ணின் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, அதனால் அவள் போகவில்லை. இருவருக்கும் அதுவரை அவ்வளவு ஒத்துப்போகாது, கிணற்றடியில் முறைப்புதான். புறப்படும் அன்று பாட்டி தன் வெண்கலப் பானையை அவளிடம் கொடுத்தாள். அவள் அதைக் கிணற்றுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்து, மேலே துளசித் தொட்டியை நகர்த்தி வைத்தாளாம். வாரம் ஒரு தபால் கார்டு எழுதுவாள். பானை என்று எழுதினால் யாராவது படித்துத் தோண்டிவிடுவார்கள் என்று, “துளசி சௌக்கியம்” என்று மட்டும் எழுதுவாள்.

நாலைந்து மாதம் கழித்துப் பாட்டி திரும்பி வந்தாள். தாத்தா இரவு தூங்க மட்டும் வீட்டுக்கு வருபவர். அப்படியும் வாசலில் கோலம் இருந்தது. தினமும் காலையில் அந்தப் பெண் தன் வாசலுக்குப் போட்டுவிட்டு இவள் வாசலுக்கும் போட்டிருக்கிறாள். கோலமாவு தீர்ந்த நாட்களில் சுண்ணாம்புக் கட்டியால் நாலு இழை. ஆளில்லாத வீடு என்று தெரியக் கூடாதாம். பாட்டி பானையைப் பற்றிக் கேட்கவே மறந்துபோனாளாம்.

இதை யாராவது ஒன்பது பாகம் எழுதினால் நானே ஒன்பதையும் புத்தம் புதிதாக வாங்குகிறேன்.

மந்தைவெளி வாசகி:

எல்லோருக்கும் நன்றி.

வடபழனி ஐயா, நீங்கள் சொல்வது பெரிய கதை. ஆனால் துப்பாக்கி தூக்கியவர்களுக்கு என்றாவது ஒருநாள் யாராவது மாலை போடுவார்கள். நான் தேடுவது அடுத்த வீட்டு வாசலில் கோலம் போட்டவளை. பேத்தி, உன் பதிலைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். ஒருமையில் எழுதுகிறேன், தப்பில்லையே? நீயே எழுது அம்மா. துளசி சௌக்கியம் என்று தலைப்பு தயாராக இருக்கிறது.

கோடம்பாக்கம் ஐயா, தேயிலை விஷயம் இரண்டு நாளாக என்னோடு இருக்கிறது. அந்த மேசையில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு அது தெரியாது. படிக்கும் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. வெல்லப்பாகையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1945க்குப் பிறகு அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டீர்களே, அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆபரேட்டர் இல்லாமல் வெளியூருக்கு நேராகப் பேசும் எஸ்.டி.டி. பரவப் பரவ எங்கள் கூடத்தில் நாற்காலிகள் குறைந்தன. நால்வரையும் நாலு அலுவலகத்துக்குப் பிரித்தார்கள். முதலில் மாதம் ஒருமுறை மயிலாப்பூரில் சந்தித்தோம், பிறகு பிள்ளைகளின் கல்யாணங்களில், பிறகு தொலைபேசியில். ஊர் முழுக்க இணைப்புக் கொடுத்தவர்கள், எங்களுக்குள் பேச நாள் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருத்தி 2019இல் போய்விட்டாள். நாங்களும் இப்போது மூன்று கோப்பைதான்.

உங்கள் பதிலைப் படித்துவிட்டுத் தாம்பரத்தில் இருப்பவளுக்குப் போன் செய்தேன். மண்டியிட்டுக் கொசுவம் நீவிவிடுவாள் என்றேனே, அவள்தான். இப்போது முழங்கால் வலி. கதையைச் சொன்னதும் முதல் இரண்டு பாகங்களைக் கொடுத்தனுப்பு என்றாள். இனி மூன்றாவதைத் தேடியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இருவர் தூக்கம் கெடும்.

பழைய தாள் தம்பிக்குத் தொடரின் பெயரைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். கிடைத்தால் கிடைத்தது என்று மட்டும் சொல்லுங்கள். தப்பித் தவறி உள்ளே பார்த்துவிட்டாலும் யார் என்று சொல்லிவிடாதீர்கள். அந்த பஸ் கண்டக்டராக மட்டும் இருக்கக் கூடாது.