மறுமொழி: ட்யூப் லைட்டில் ‘பேலஸ்ட் பைபாஸ்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

எல்.ஈ.டி. ட்யூப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுச்சீட்டு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய நாலடி ஃபிட்டிங்கிலிருந்து சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றிவிட்டு, 230 வோல்ட்டை ஹோல்டருக்கே கொடுக்கும் முறைதான் ‘பேலஸ்ட் பைபாஸ்’ (பேலஸ்ட் என்றால் நம்ம சோக்குதான்). இதற்கு இங்கே வந்தவை ‘சோக் புறவழி’, ‘நேரிணைப்பு’ என்ற இரண்டு சொற்கள். இரண்டுமே எனக்கு உறுத்துகின்றன.

புறவழிச்சாலை போட்டால் ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கும், லாரிதான் சுற்றிப் போகும். இங்கே ஊரையே காலி செய்கிறோம்! ‘நேரிணைப்பு’ கேட்க அழகு. ஆனால் மின்னியலில் ‘நேர்’ ஏற்கெனவே நேர்முனையிலும் நேர்மின்னோட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறது. பாடநூல் படித்த பிள்ளை டி.சி. கொடுக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எலக்ட்ரீசியன் சொல்வது, “சோக்கைத் தூக்கிட்டு டைரக்ட் குடுத்துடு.” அதையே ஒட்டி ‘நேரடி இணைப்பு’ என்று வைத்தால் என்ன? ‘நேரடி’ என்றதும் யாரும் டி.சி.யை நினைக்கமாட்டார்கள்.

இன்னொரு தலைவலி. ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரே பக்க ஹோல்டரின் இரு பின்களுக்கு வரும் குழல் ஒரு வகை. ஒரு பக்கம் ஃபேஸ், மறுபக்கம் நியூட்ரல் வருவது இன்னொரு வகை. ஒருமுனைக் குழல், இருமுனைக் குழல் என்று எழுதிவிட்டுப் பார்த்தால், டையோடுக்கே நாம் ‘இருமுனையம்’ என்றுதானே பெயர் வைத்திருக்கிறோம்? ‘ஒருதலை’ காதலுக்குப் போய்விட்டது. ‘இருதலை’ என்றால் கொள்ளி எறும்பு நினைவுக்கு வருகிறது. மேலே சொன்ன இரண்டாம் வகைக் குழலுக்கு அது பொருத்தம்தான்: மின்சாரத்தை நிறுத்தாமல் ஒரு பக்கத்தை மாட்டிவிட்டு மறுபக்கப் பின்னைத் தொட்டால், பாதுகாப்பு அமைப்பு இல்லாத குழலில் ஷாக் அடிக்கும். இப்போதைக்கு ‘ஒருபுற ஊட்டம்’, ‘இருபுற ஊட்டம்’ என்று வைத்திருக்கிறேன்.

சோக்கைக் கழற்றாமலே மாட்டும் குழல்களோடு ஒரு ‘டம்மி’ ஸ்டார்ட்டர் வருகிறது. முதல் வரைவில் “போலி ஸ்டார்ட்டரைப் பொருத்தவும்” என்று எழுதியிருந்தேன். வீட்டில் படித்துக் காட்டினேன், சிரித்துவிட்டார்கள். உள்ளே இருப்பது ஃபியூஸ்தான் என்பதால் ‘உருகி ஸ்டார்ட்டர்’ சரியா?

---

> ‘நேரடி இணைப்பு’ என்று வைத்தால் என்ன?

தம்பி, சொல் நல்ல சொல்தான். ஆனால் யாருக்காக எழுதுகிறீர்கள்? இன்று மாட்டுகிறவன் சீட்டைப் படிப்பான். நாலு வருஷம் கழித்து ஏணியில் ஏறுகிறவனுக்குச் சீட்டு ஏது? அவன் கையில் பழைய ட்யூப் லைட் இருந்தால் அதை மாட்டிவிடுவான்.

சோக்குக்கு இரண்டு வேலை. ஸ்டார்ட்டர் திறக்கும் நொடியில் அதிக வோல்ட் உதை ஒன்று கொடுத்து வாயுவைப் பற்றவைக்கும். பற்றிய பிறகு கரண்ட் எகிறாமல் பிடித்து வைக்கும். அது இல்லாத ஒருபுற ஃபிட்டிங்கில் பழைய குழலை மாட்டினால் 230 வோல்ட்டும் அந்தப் பக்கத்து இழையின் மேலேயே விழும். இழை அப்போதே போச்சு. எல்.ஈ.டி. குழலையே தலைமாற்றி மாட்டினாலும் வம்புதான்: சில குழல்களில் மறுபக்கப் பின்கள் உள்ளேயே ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும், ஷார்ட் ஆகிவிடும்.

ஆகையால் ஃபிட்டிங்கில் ‘சோக் இல்லை’ என்பதுதான் கண்ணில் படவேண்டும். ‘சோக்கில்லா ஃபிட்டிங்’ என்று போடுங்கள். பேலஸ்ட் என்பதற்கு ‘நிலைப்படுத்தி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஃபிரிட்ஜ் பக்கத்து ஸ்டெபிலைசரைத் தேடுவான். சோக்கு தமிழாகி வெகுகாலம் ஆயிற்று. சென்னையில் ‘சோக்கா இருக்கு’ என்பது வேறு சோக்கு, அதற்கு நான் பொறுப்பல்ல.

உருகி ஸ்டார்ட்டருக்கு என் ஓட்டு உண்டு.

---

ஐயா, நான் செய்முறையை மட்டும் பார்த்தேன், ஃபிட்டிங்கை மறந்தேவிட்டேன். செயலுக்கு ‘நேரடி இணைப்பு’, அப்படி மாற்றியபின் மிஞ்சும் பொருளுக்குச் ‘சோக்கில்லா ஃபிட்டிங்’ என்று பிரித்துக்கொள்கிறேன். ‘சோக்கறு’ என்று சுருக்கலாமா என ஒரு கணம் ஆசை வந்தது. ‘சோக்கை அறு’ என்று யாராவது கட்டிங் பிளேயரோடு கிளம்பிவிடுவார்கள், வேண்டாம்.

ஸ்டிக்கருக்கு எழுதிய வரிகள் இவை. ஹோல்டருக்குப் பக்கத்தில், ஃபேஸ் வரும் பக்கத்தில் ஒட்டுவதாக எண்ணம்:

சோக்கில்லா ஃபிட்டிங்
பழைய ட்யூப் லைட் மாட்டாதே
ஒருபுற ஊட்டம்: இந்தப் பக்கம் மட்டும்
மெயினை நிறுத்திவிட்டுத் தொடு

‘மாட்டாதே’, ‘தொடு’ மரியாதைக் குறைவு என்று யாராவது சொல்லலாம். ‘மாட்டாதீர்கள்’ என்று போட்டால் எழுத்து பொடியாகிவிடுகிறது, ஏணியில் நின்று படிக்கமுடியாது.