நிலாவெளி ஹோட்டல் அனுபவம் ரொறொன்ரோவில செல்லுமா? புதுசா வந்து வேலை தேடுற ஆக்களுக்கு

திருகோணமலையில இருந்து அண்மையில வந்த தம்பி தங்கச்சிமார் சிலபேர் சிவியை (வேலைக்கு அனுப்பிற சுயவிபரக் கோவையை) திருத்தித் தரச்சொல்லி அனுப்பினவை. ஆளாளுக்கு எழுதிறதை விட இங்க பொதுவாப் போடுறன்.

முதல்ல வெட்டவேண்டியது: படம், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், சமயம், கலியாணம் கட்டின விசயம். ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் இருக்கிறதால இதுகளைப் பார்க்கவே மனேஜர்மார் சங்கடப்படுவினம். "மேற்கூறியவை யாவும் உண்மை" எண்டு கையெழுத்து வைக்கிற வரியும் வேண்டாம். ரெண்டு பக்கம் காணும்.

மிச்ச இடம் முழுக்க செய்த வேலைக்கு. எங்கட ஆக்கள் கோட்டை விடுற இடம் இதுதான். ஒரு தங்கச்சி நிலாவெளி ஹோட்டல் ஒண்டில இருந்தவ. சிவியில "ரிசெப்ஷனிஸ்ட், நிலாவெளி" எண்டு ஒரே வரி. ஸ்காபரோவில இருக்கிற மனேஜருக்கு நிலாவெளியைப் பற்றி என்ன தெரியும்? கதை கேட்டா, மே தொடக்கம் செப்டம்பர் வரை சீசனில செக்-இன், கார்ட் காசு, இரவுக் கணக்கு, புறாமலைத் தீவுக்குப் படகு ஒழுங்கு, அறை சரியில்லை எண்டு கத்துற வெள்ளைக்காரரைச் சமாளிக்கிறது எல்லாம் அவதான். எத்தனை அறை, ஒரு நாளைக்கு எத்தனை செக்-இன், என்ன சொஃப்ட்வெயர் எண்டு எழுதச்சொன்னன். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூண்டிலயும் வேலை செய்ததை அவ போடவே இல்லை!

சீனக்குடா பிறீமாவில வேலை செய்தவைக்கும் இதுதான். ஊரில பேர் சொன்னாலே போதும். இங்க "கப்பலில வாற கோதுமையை அரைக்கிற பெரிய மா ஆலை" எண்டு அரை வரி சேருங்கோ.

கனக்க இடங்களில சிவியை முதல்ல சொஃப்ட்வெயர்தான் வடிகட்டும். விளம்பரத்தில உள்ள சொல்லையே, உண்மையா உங்களுக்குப் பொருந்தினா, பாவியுங்கோ.

"கனேடிய அனுபவம் இல்லையே" எண்டு பயந்து விண்ணப்பிக்காமல் இருக்கிறவைக்கு: 2026 ஜனவரி 1 தொடக்கம் ஒன்ராறியோவில 25 ஊழியருக்குக் குறையாத நிறுவனங்கள் பொது விளம்பரத்தில அதைக் கேக்கேலாது. சம்பள வீச்சையும் போடவேணும். நேர்முகத்துக்குக் கூப்பிட்டா, கடைசி நேர்முகம் முடிஞ்சு 45 நாளுக்குள்ள முடிவு எடுத்தாச்சா எண்டு சொல்லவும் வேணும்.

நேர்முகத்தில "ஒருக்கா கஷ்டமான வாடிக்கையாளரைச் சமாளிச்ச சம்பவம் சொல்லுங்கோ" எண்ட மாதிரித்தான் கேள்வி வரும். "நான் பொறுமையானவள்" எண்டது பதில் இல்லை. என்ன நடந்தது, உங்கட பொறுப்பு என்ன, என்ன செய்தனீங்கள், கடைசியில என்னாச்சு. ரெண்டு நிமிசத்துக்குள்ள முடியுங்கோ. "நாங்கள் செய்தம்" எண்டு அடக்கமாச் சொன்னா நீங்கள் பக்கத்தில நிண்டு பார்த்த மாதிரி இருக்கும். "நான்" எண்டு சொல்லுங்கோ, அது பெருமை அடிக்கிறது இல்லை. "சேர், மடம்" வேண்டாம், பேரைச் சொல்லலாம். நாக்கு வராட்டி வீட்டில சொல்லிப் பழகுங்கோ. முகத்தைப் பார்த்துக் கதையுங்கோ.

இன்னும் வெளிக்கிடாத ஆக்கள் சேவைக் கடிதத்தில செய்த வேலைகளை விபரமா எழுதி வாங்குங்கோ. கோணேசபுரி கம்பஸில (கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில) படிச்சவை டிரான்ஸ்கிரிப்ட் (பாடப் பெறுபேற்றுப் பத்திரம்) அலுவலை அங்க இருக்கேக்கயே பாருங்கோ.

சிபாரிசுக்கு ஊர் மேலதிகாரியின்ர பேர் குடுக்கிறதெண்டா அவருக்கு முதலே சொல்லி, ஈமெயிலும் குடுங்கோ. கோடையில இங்க காலமை 10 மணிக்கு அழைப்பு எடுத்தா திருகோணமலையில இரவு 7.30. பின்னேரம் 3 மணிக்கு எடுத்தா அங்க நடுச்சாமம், மனுசன் தூக்கத்தில என்ன சொல்லுவாரோ!