தொடக்கநிலை ஆர்கன் மாணவருக்கு எளிய பரோக் படைப்பு: நீங்கள் தேர்ந்தெடுத்தபோது நடந்தது என்ன?

தேவகோட்டைப் பாட்டு வாத்தியார்

முதல் பரோக் (17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை) படைப்பாக எதைக் கொடுக்கலாம் என்று யார் கேட்டாலும், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் பெயரில் வழங்கும் ‘எட்டுச் சிறிய பிரிலூடும் ஃபியூகும்’ தொகுப்பைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பிரிலூடு என்றால் முன்னிசை; ஃபியூக் என்றால் ஒரே இசைவரியைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தொடரும் படைப்பு. நானும் அதைத்தான் சொன்னேன். எட்டு ஆண்டுகள் ஆகியும் அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனத்தைவிட்டு இறங்கவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மாணவிக்கு அப்போது 14 வயது. வீட்டில் இருந்தது 61 கட்டை கீபோர்டு மட்டுமே. ஆர்கனில் காலால் வாசிக்கும் கட்டைகளான பெடல் பலகை கிடையாது. ஆகவே கூடத்தின் ஆத்தங்குடிக் கல் தரையில் சாக்பீஸால் பெடல் கட்டைகளை அளந்து வரைந்து, உயரமான பெஞ்சில் அவளை உட்காரவைத்து, கை கீபோர்டிலும் கால் கோடுகளின் மீதுமாகப் பழக்கினேன். அவளுடைய அப்பத்தா காலையில் தரையைத் துடைத்துவிடுவார்கள். மாலையில் நாங்கள் மறுபடியும் வரைவோம். அந்தத் தொகுப்பில் எஃப் மேஜரில் அமைந்த, பாக் படைப்புப் பட்டியலில் 556ஆம் எண் பெற்ற படைப்பை இப்படி ஆறு மாதம் பழகினோம்.

பினாங்கில் வாழும் ஒரு குடும்பம் எங்கள் ஆலயத்துக்கு அனுப்பிய எலெக்ட்ரானிக் ஆர்கன் அந்த வாரம்தான் வந்திறங்கியிருந்தது. இரண்டு வரிசைக் கட்டைகள், கீழே பெடல் என்று கேட்டதுமே எனக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை மாலை வரை அது பெட்டியைவிட்டு வெளியே வராததால் யாரும் வாசித்துப் பார்க்கவும் முடியவில்லை. மறுநாள் காணிக்கை நேரத்தில் அவள் தொடங்கினாள். கை சரியாகப் போனது. மேல் எஃப் கட்டைக்கு வலக்கால் நீண்டபோது அங்கே கட்டை இல்லை. கால் வெறும் மரப்பலகையில் முட்டிய ஒலி கடைசி வரிசை வரை கேட்டது. அது வீட்டுக் கூடங்களுக்கென்று செய்யப்பட்ட சிறிய வகை ஆர்கன். அதில் பெடல் மொத்தம் 13. சி-யில் தொடங்கி அடுத்த சி-யோடு முடிந்துவிடும்.

அவள் நிறுத்தவில்லை. இல்லாத கட்டைகளையெல்லாம் பலகையின் மீதே மிதித்து, தரையில் கோடுகளை மிதித்த அதே ஒழுங்கில், கடைசிவரை வாசித்து முடித்தாள். அந்தத் தட்டல் ஒலி இன்னும் என் காதில் இருக்கிறது. எண்ணிப் பார்த்திருக்க வேண்டியவன் நான்.

காரைக்குடி கால் ஆர்மோனியம்

ஐயா, உங்களுக்குப் பதின்மூன்று பெடலாவது இருந்தது. என்னிடம் இருப்பதில் காலுக்கு வேறு வேலை.

எங்கள் ஊர் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடை ஒன்றில், பர்மா தேக்கு அலமாரிக்கும் எனாமல் தூக்குகளுக்கும் நடுவே, ஒரு பழைய அமெரிக்கக் கால் ஆர்மோனியத்தைக் கண்டேன். “துடைத்து பாலிஷ் போட்டால் ஓட்டல் வரவேற்பறையில் நன்றாக இருக்கும்” என்று கடைக்காரர் சொன்னார். வாசிப்பதற்காக ஒருவன் வாங்குவான் என்று அவர் நினைக்கவே இல்லை. துருத்தித் துணியை மாற்றவும், ஊமையாகிப் போன ரீடுகளை ஒவ்வொன்றாக உருவித் தூசி தட்டவும் ஓராண்டு பிடித்தது.

இரண்டு காலும் துருத்தியை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டிய கருவியில் பெடல் பகுதி உள்ள எதையும் வாசிக்க முடியாது. அப்படித்தான் இத்தாலிய இசையமைப்பாளர் தொமேனிக்கோ சிப்போலியிடம் போய்ச் சேர்ந்தேன். 1716இல் வெளியான அவருடைய தொகுப்பின் முதல் பகுதி ஆர்கனுக்கு உரியது; அதிலுள்ள வெர்சோ என்னும் துண்டுகள் மிகச் சிறியவை. வழிபாட்டில் பாடகர் ஒரு வரி பாட, ஆர்கன் அடுத்த வரிக்குப் பதில் சொல்வதற்காக எழுதப்பட்டவை அவை. கையே போதும். சிப்போலி பின்னர் இயேசு சபையில் சேர்ந்து தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, 1726இல் அங்கேயே இறந்துபோனார். ஓரியூருக்கு நடைபயணம் போகும் எங்கள் குடும்பத்தில், அங்கே உயிர்நீத்த இயேசு சபைப் புனிதர் அருளானந்தரின் சபைக்காரர் என்று சொன்னதும் அவர் உறவினர் போல ஆகிவிட்டார்.

என்னை உறுத்துவது ஓர் இறுதிச் சுரம். அரைப் பக்க வெர்சோ ஒன்றை முதன்முறையாகத் தடங்கல் இல்லாமல் வாசித்து, கடைசிக் கூட்டுச் சுரத்தை நான்கு எண்ணிக்கைக்குப் பிடிக்க வேண்டிய இடத்தில், முடித்துவிட்ட மகிழ்ச்சியில் மிதிப்பதை மறந்துவிட்டேன். சுரம் இறங்கி, நெளிந்து, அடங்கியது. அடுக்களையிலிருந்து அம்மா, “பால் பொங்கி அடங்கின மாதிரி இருக்கே” என்றார்கள்.

பள்ளத்தூர் டீச்சர்

வாத்தியார் ஐயாவின் பதிவைப் படித்து வருத்தப்பட்டேன்; ஆனால் குற்றம் அந்தப் படைப்பினுடையது அல்ல. அவர் முதலில் பெடலை எண்ணியிருக்க வேண்டும். மேலும் அந்த எட்டும் பாக் எழுதியவைதாமா என்பதே நெடுநாள் ஐயம். அவருடைய மாணவர்களான கிரெப்ஸ் தந்தையோ மகனோ எழுதியிருக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், இன்றுவரை முடிவு ஏற்படவில்லை. பெயர் பெரிது என்பதற்காக எதையும் பிள்ளையின் தலையில் கட்டக் கூடாது.

என் அனுபவம் சிறியது. பியானோவில் ஐந்தாம் கிரேடு முடித்த மாணவன் ஒருவன் ஆர்கன் வேண்டுமென்று வந்தான். கீபோர்டை ஆர்கன் ஒலியில் வைத்து, பாக்குக்கு முந்தைய தலைமுறை ஜெர்மானிய இசையமைப்பாளர் பாகெல்பெல்லின் ஃபியூக் ஒன்றைக் கொடுத்தேன். விரலை எடுத்த பிறகும் ஒலியை நீட்டும் சஸ்டெயின் பெடலுக்கு வலக்கால் தானாகப் போயிற்று. குரல்கள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து கூழாயின. நான் அந்தப் பெடலின் வயரைப் பிடுங்கினேன். அதன்பின் அவன் வாசித்ததில் ஒவ்வொரு சுரத்துக்கும் இடையே ஓட்டை. ஐந்து கிரேடுகளில் அவன் விரல் எதையும் பிடித்திருக்கவே கற்கவில்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்கும் தெரிந்தது.

இனிப் பயனுள்ளதைச் சொல்கிறேன். ஆர்கனில் விரலை எடுத்த கணமே ஒலி அறுந்துபோகும். அதைத் தேய்த்து மறைக்கப் பியானோவைப் போல எதிரொலி இல்லை. ஆகவே எளிமையை வேகத்தைக் கொண்டு அளக்காதீர்கள். ஒரே நேரத்தில் எத்தனை குரல்கள், அதாவது இசைவரிகள், தனித்தனியாக நடக்கின்றன என்று பாருங்கள். இரண்டு குரல் உள்ள வேகமான படைப்பு, நான்கு குரல் உள்ள மெதுவான படைப்பைவிட எளிது. மரியாளின் பாடலான மக்னிஃபிகாட்டுக்காகப் பாகெல்பெல் எழுதிய ஃபியூகுகள் 90-க்கும் மேல் உள்ளன. பெரும்பாலும் கைக்கு மட்டுமே எழுதியவை, குறுகியவை, எதைத் திறந்தாலும் பிள்ளைக்குப் பயன்படும். பெடல் வந்த பிறகு, அவருடைய டொக்காட்டாக்களில் கால் ஒரே கட்டையை நெடுநேரம் அழுத்தி நிற்க, மேலே கைகள் ஓடுகின்றனவே, அவற்றைக் கொடுங்கள். சுருதிப் பெட்டிக்கு மேல் பாடி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது அந்நியமாகவே தோன்றாது. அதற்கு அடுத்ததுதான் நடக்கும் பெடல். பரோக் காலத்தவர் பெரும்பாலும் முன்பாதத்தாலேயே வாசித்தார்கள், குதிகாலுக்கு அதிக வேலை கொடுக்கவில்லை. வெறுங்காலோடு ஆலயத்துக்குள் நுழையும் நமக்கு, ஆர்கனுக்கென்று தனிக் காலணி வாங்க முடியவில்லையே என்ற கவலையும் தேவையில்லை. கீபோர்டு சிறியதென்று வருந்துபவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: பாக் காலத்து ஆர்கனின் கைவரிசை ஏறக்குறைய நான்கு ஸ்தாயிதான். உங்கள் 61 கட்டையில் அது தாராளமாக அடங்கிவிடும். ஒலி தேர்ந்தெடுக்கும்போது எட்டடி ஃபுளூட் என்னும் மென்மையான ஸ்டாப் (ஒலிவகையைத் திறக்கும் குமிழ்) ஒன்றை மட்டும் திறந்து பழகுங்கள். எல்லா ஸ்டாப்பையும் இழுத்துவிட்டு வாசித்தால் பிழை காதுக்கே தெரியாது.

கானாடுகாத்தான் பேரன்

டீச்சர் சொன்ன அளவுகோல் எனக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தால் ஒரு குளிர்காலம் மிஞ்சியிருக்கும். வெளிநாட்டில் படித்தபோது விடுதிக்கு அருகிலிருந்த ஆலயத்தில், இரவு ஒன்பது மணிக்கு மேல் வாசித்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். ‘ஆர்கன் சிறுநூல்’ என்ற பாக்கின் தொகுப்பை எடுத்தேன். அதன் முகப்பில், தொடக்கநிலை ஆர்கன் கலைஞருக்கு வழிகாட்டுவதற்காக என்று பாக்கே எழுதியிருக்கிறார். அதை அப்படியே நம்பினேன். 164 படைப்புகளுக்குத் திட்டமிட்டு 46ஐ மட்டும் முடித்த நூல் அது. அதில் மூன்றே குரல் உள்ள ஒரே படைப்பு 639ஆம் எண். மெதுவானது, ஒரு தாளுக்குள் முடிந்துவிடுவது, குரலும் குறைவு. டீச்சரின் கணக்குப்படியே அது எளிதாக இருந்திருக்க வேண்டும்.

வலக்கை அலங்காரத்தோடு ராகத்தைப் பாடுகிறது, இடக்கை நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது, கால் நாடித்துடிப்பு போல ஒரே சீராக நடக்கிறது. ஒவ்வொன்றும் தனியே வந்தால் எளிதுதான். மூன்றையும் சேர்த்த முதல் இரவில், இடக்கை எங்கே போகிறதோ அங்கேயே காலும் போனது. ஏறுவதும் இறங்குவதும் ஒன்றாகவே. நான்கு பார் தாண்ட மூன்று வாரம் ஆயிற்று. ஓர் இரவு, கோயில்பிள்ளை விளக்கை அணைக்க வந்தவர், என் பின்னால் நெடுநேரம் நின்றுவிட்டு, “கையை விட்டுவிடு, காலை மட்டும் வாசி, நான் ராகத்தைப் பாடுகிறேன்” என்று சொல்லிப் பாடினார். குளிரில் அவர் வாயிலிருந்து ஆவி வந்தது. அன்றுதான் அது ஒரு செபம் என்று எனக்குப் புரிந்தது. அதுவரை எனக்கு அது பயிற்சியாக மட்டுமே இருந்தது.

ஆகவே டீச்சர், குரல்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து எளிமையை அளக்க முடியாது என்பது என் தாழ்மையான கருத்து.

பள்ளத்தூர் டீச்சர்

தம்பி, எண்ணிக்கையை மட்டும் என்று நான் எழுதவில்லை. தனித்தனியாக நடக்கும் குரல்கள் என்று எழுதினேன். நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று விதமாக நடப்பவை. நான்கு குரல்கள் சேர்ந்தே நகரும் பாமாலையைவிட அது கடினம்தான். பாக் சொன்ன ‘தொடக்கநிலை’ அவர் காலத்தில் வேறு. வீட்டிலேயே கிளாவிகார்டு என்னும் சிறிய தந்திக் கட்டைக் கருவியில் பல ஆண்டுகள் பழகி, ராகத்துக்கு உடனுக்குடன் துணைச்சுரம் அமைக்கத் தெரிந்த பையன்தான் அவர் மனத்தில் இருந்த தொடக்கநிலையாளர்.

கோட்டையூர் ஞாயிறு

சண்டை வேண்டாம். புனித வெள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன்.

‘இரத்தம் காயம் குத்தும்’ என்று தொடங்கும் பாமாலை நம் எல்லோருக்கும் தெரியும். அந்த ராகம் ஹான்ஸ் லியோ ஹஸ்லர் 1601இல் வெளியிட்ட ஒரு காதல் பாட்டிலிருந்து வந்தது என்பதை என் பாடகர் குழுவில் இன்றுவரை யாரும் நம்பவில்லை. அதே ராகத்தின் மீது பாக் எழுதிய சிறிய ஆர்கன் படைப்பு 727ஆம் எண். ராகம் தெரிந்ததாக இருந்தால் பாதிச் சுமை குறையும் என்று எண்ணி, ஆர்கன் தொடங்கி இரண்டே ஆண்டுகள் ஆன நான், ஆராதனையில் பாமாலைக்கு முன்னுரையாக அதை வாசித்தேன்.

இரண்டாவது வரி வந்திருக்கும். முன்வரிசையில் வெள்ளைச் சேலை உடுத்திய ஒரு பாட்டி பாடத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைப் பார்த்து அந்த வரிசை, பிறகு ஆலயம் முழுவதும். பாக் ஒரு சுரத்தைச் சுற்றிச் சுற்றி அலங்கரித்துக்கொண்டிருந்த இடத்தில் மக்கள் நேர்வழியாக முன்னே போய்விட்டார்கள். நான் துரத்தினேன், என்னை எதிர்பார்த்து அவர்கள் நின்றார்கள், நான் கடந்து போனேன். மூன்றாம் வரியில் அலங்காரங்களையெல்லாம் உதறிவிட்டு, வெறும் ராகத்தை வலக்கையில் பிடித்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்தேன். பெடலை விட்டுவிட்டேன். ஆராதனை முடிந்ததும் அந்தப் பாட்டி என்னிடம் வந்து, “இன்னைக்குத்தான் நிறுத்தி நிதானமா வாசிச்சே” என்றார்கள்.

தெரிந்த ராகத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்று பலரும் சொல்கிறார்கள். சபைக்கும் அது தெரியும் என்பதைச் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். கத்தோலிக்க நண்பர்களுக்கு இந்தச் சிக்கல் வராது. தவக்காலத்தில் அங்கே ஆர்கன் பெரும்பாலும் பாட்டுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கும்.

தேவகோட்டைப் பாட்டு வாத்தியார்

அனைவருக்கும் நன்றி. டீச்சர் என்னைக் கண்டித்தது நியாயமே. காரைக்குடித் தம்பி குறிப்பிட்ட சிப்போலியின் வெர்சோக்களை வரவழைத்து, இப்போது கற்கும் இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். பாகெல்பெல்லின் டொக்காட்டாக்களில் கால் சி-யிலிருந்து சி-க்குள்ளேயே நின்றுவிடும் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். 13 கட்டைக்குள் அடங்கும் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் எழுதினால் போதும், மற்றதை நான் எண்ணிக்கொள்வேன்.

அந்த மாணவி சென்ற மாதம் விடுமுறைக்கு வந்திருந்தாள். ஆலயத்தில் என்னைப் பார்த்ததும் ஆர்கன் பக்கம் போய்க் குனிந்து, பெடல் முடியும் இடத்துக்கு வலப்புறத்தில் உள்ள பலகையைத் தடவிக் காட்டினாள். வார்னிஷ் அங்கே கொஞ்சம் மங்கியிருந்தது. அது அவள் கால் பட்டதால்தானா என்று நான் கேட்கவில்லை.