பழைய டப்புக்கு சார்ஜ் ஆமை வேகத்தில ஏறுதா? பற்றரியைக் குற்றம் சொல்ல முதல் பார்க்க வேண்டியது

உவர்மலை

2020, 21இல் ஒன்லைன் வகுப்புக்கெண்டு வாங்கின டப்கள் (டப்லட்டுகள்) இப்ப ஒவ்வொண்டா ரிப்பேருக்கு வருது. முறைப்பாடு ஒண்டுதான்: இரவு முழுக்கப் போட்டும் நிறையுதில்லை. திருகோணமலை என்.சி. வீதியிலயும் மத்திய வீதியிலயும் கடை ஏறி இறங்கிற ஆக்கள் பற்றரி மாத்தத்தான் வேணும் எண்ட முடிவோடயே வருகினம். பற்றரி கடைசியாப் பார்க்க வேண்டிய சாமான். இந்தத் திரியில நீங்கள் கண்டதை எழுதுங்கோ. மொடலும், சார்ஜரில அடிச்சிருக்கிற அம்பியரும், யூஎஸ்பி மீற்றரில (சார்ஜருக்கும் வயருக்கும் இடையில செருகி வோல்ட், அம்பியர் பார்க்கிற சின்னச் சாமான்) வந்த எண்ணும் வேணும். "எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்" எண்டு எழுதினால் ஒருத்தருக்கும் பிரயோசனமில்லை.

முதல்ல ஒரு கணக்கு. சாம்சுங் கலக்சி டப் ஏ 10.1, 2016 மொடல். பற்றரி 7300 மில்லிஅம்பியர் மணி, அதாவது ஏறத்தாழ 28 வாற் மணி. போனோட வந்த 5 வோல்ட் 1 அம்பியர் சார்ஜர் குடுக்கிறது 5 வாற். அதில 15 வீதம் சூடாப் போகுது எண்டு வையுங்கோ, மிச்சம் 4.25. 28ஐ இதால பிரிச்சால் ஆறரை மணித்தியாலம். கடைசி 20 வீதம் எப்பவும் மெதுவாத்தான் ஏறும், ஆகவே எட்டுக்குக் கிட்டப் போகும். இடையில பிள்ளை வீடியோ பார்த்தால் திரையும் வைஃபையும் 3, 4 வாற்றைத் தின்னும். ஏறுறதுக்கு என்ன மிஞ்சும்? இங்க ஒண்டும் பழுதில்லை, சார்ஜர்தான் சின்னன். 2012இல வந்த மூன்றாம் ஐபேட்டுக்கு அதோட வந்த சார்ஜரே சின்னன். 42.5 வாற் மணி பற்றரிக்கு 10 வாற் சார்ஜர்தான் குடுத்தவங்கள், புதுசா இருக்கேக்கயே அஞ்சு மணித்தியாலம் தாண்டும்.

திருக்கடலூர்

உவர்மலை அண்ணை சொன்ன கணக்கு சரி. ஆனா 2 அம்பியர் சார்ஜர் போட்டும் ஏறாத டப்கள்தான் கூட. அதுக்குக் காரணம் அநேகமா வயர்.

வயரைக் கையில எடுத்து வெளிச்சத்தில பிடிச்சு, உறையில பொடி எழுத்தில என்ன அடிச்சிருக்கெண்டு பாருங்கோ. "28 ஏடபிள்யூஜி 1பி, 24 ஏடபிள்யூஜி 2சி" எண்ட மாதிரி இருந்தால், டேட்டா சோடி 28, கரண்ட் போற ரெண்டு கம்பியும் 24 எண்டு அர்த்தம். ஏடபிள்யூஜி எண்டது கம்பியின்ர தடிப்பைச் சொல்ற எண், எண் கூடக் கூடக் கம்பி மெல்லிசு. எல்லாமே 28 எண்டால் ஒரு மீற்றர் வயரில போக வரச் சேர்த்து 0.43 ஓம் தடை. 2 அம்பியர் இழுத்தால் 0.85 வோல்ட் வயரிலயே விழும். 5 வோல்ட் டப்பின்ர வாய்க்குப் போகேக்க 4.15. உள்ளுக்க இருக்கிற சார்ஜிங் ஐசி (சார்ஜைக் கட்டுப்படுத்திற சிப்) 4.4, 4.5க்குக் கீழ போக விடாது, தானே அம்பியரைக் குறைச்சுக்கொள்ளும். அதாலதான் 2 அம்பியர் சார்ஜரில 1 அம்பியர் மட்டும் ஓடுது. 24 கம்பியில அதே நீளத்துக்கு விழுறது 0.34 வோல்ட்தான்.

ரெண்டு மீற்றர், மூண்டு மீற்றர் வயர் வாங்கிக் கட்டிலுக்கு இழுக்கிற ஆக்களுக்கு வேற விளக்கம் தேவையில்லை. ஒண்டும் அடிக்காத வயரை நான் நம்புறதில்லை.

மீற்றர் பிடிக்கிறதிலயும் ஒரு பிழை நடக்குது. சாதாரண யூஎஸ்பி மீற்றர் சார்ஜர் பக்கம் செருகிறது. அதில 5.1 வோல்ட் காட்டினால் சார்ஜர் நல்லது, அவ்வளவுதான். வயரில எவ்வளவு விழுதெண்டு அது சொல்லாது. அதே சார்ஜர், அதே டப், வயரை மட்டும் மாத்தி அம்பியரைப் பாருங்கோ. திரை அணைஞ்சிருக்க வேணும், பற்றரி 30க்கும் 60க்கும் இடையில இருக்க வேணும். 85 வீதத்தில வச்சுப் பார்த்தால் எந்த நல்ல டப்பும் குறைச்சுத்தான் இழுக்கும். அதைப் பார்த்திட்டு வயரை எறியாதையுங்கோ.

பாலையூற்று

மீற்றர் 0.45, 0.5 அம்பியரிலயே அசையாம நிக்குதெண்டால் வயரின்ர தடிப்பைத் தேடிப் பிரயோசனமில்லை. அது டேட்டா கம்பிப் பிரச்சினை.

செருகினது சார்ஜரா கொம்பியூட்டரா எண்டு டப் கண்டுபிடிக்கிறது நடுவில இருக்கிற டேட்டா பின் ரெண்டாலயும்தான். பொதுவான சார்ஜரில அந்த ரெண்டும் ஒண்டோட ஒண்டு சேர்ந்திருக்கும். பழைய சாம்சுங் டப்கள் ரெண்டிலயும் 1.2 வோல்ட் இருக்கோ எண்டு பார்க்கும். ஐபேட்டின்ர 10 வாற் சார்ஜரில ஒண்டில 2.7, மற்றதில 2 வோல்ட் இருக்கும். தேடுறது கிடைக்காட்டி டப் பயந்து, கொம்பியூட்டர் எண்டு நினைச்சு 500 மில்லிஅம்பியரோட நிண்டிடும். அதால சாம்சுங் சார்ஜரில ஓடுற ஐபேட்டும், ஐபேட் சார்ஜரில ஓடுற சாம்சுங்கும் மெதுவா ஏறுறது பழுதில்லை.

சார்ஜ் மட்டும் ஏத்திற மலிவு வயரில டேட்டா கம்பியே இருக்காது. சோதிக்கிறது சுகம்: அதே வயரைக் கொம்பியூட்டரில செருகுங்கோ. படங்களின்ர ஃபோல்டர் திறக்காட்டி வயரை மாத்துங்கோ. நல்ல வயரிலயும் திறக்காட்டி டப்பின்ர சொக்கெட்டில நடுப் பின் போயிருக்கலாம்.

33 வாற், 65 வாற் சார்ஜர் வாங்கினால் பழைய டப் பறக்கும் எண்டு நினைக்காதையுங்கோ. அது 10 வாற் எடுக்கிற சாதனம் எண்டால் 10தான் எடுக்கும்.

கிண்ணியா

நம்மட பக்கம் ஆக்கள் எடுத்ததுக்கெல்லாம் "லைன்ல கரண்ட் குறைவு, அதான் ஏறுதில்ல" எண்டு சொல்றாங்க. சார்ஜர்ல 100–240 வோல்ட் எண்டு அடிச்சிருக்கா பாருங்க. அடிச்சிருந்தா லைன் 180க்கு இறங்கினாலும் வெளிய வாறது அதே 5 வோல்ட்தான். ஃபேன் மெதுவாச் சுத்தும், லைட் மங்கும், டப்புக்கு ஒண்டும் ஆகாது.

சார்ஜரே கிழடாப் போறது வேற விசயம். உள்ளுக்க இருக்கிற கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேத்து வைக்கிற பாகம்) சூட்டில காஞ்சு போயிடும். சும்மா வச்சு அளந்தா 5.1 காட்டும், டப்பைப் போட்ட உடனே 4.5க்கு விழும். மீற்றர் சார்ஜர் பக்கம் இருக்கக்குள்ளயே வோல்ட் விழுந்தா சார்ஜர் முடிஞ்சுது. திறந்து கெப்பாசிட்டர் மாத்தலாம் எண்டு வீட்ட உக்காந்து முயற்சிக்காதீங்க. பிளக்கைக் கழட்டின பிறகும் லைன் பக்கக் கெப்பாசிட்டர்ல 325 வோல்ட் வரைக்கும் நிக்கலாம்.

பழைய வீடுகள்ல உருண்டை முள்ளுப் பொயின்ட்டுக்கு 13 அம்பியர் பிளக்கை அடப்டர் வச்சுத்தான் சொருகிறாங்க. அடப்டர் ஆடுதா, கிர்ர் எண்டு சத்தம் வருதா? அதையும் மாத்துங்க. விட்டு விட்டுச் சார்ஜ் ஏறுறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

நிலாவெளி

கடலோரம் இருக்கிற ஆக்களுக்கு இன்னொண்டு. உப்புக் காத்து. கிண்ணியா நானா சொன்னதெல்லாம் சரியா இருந்தும் ஏறாட்டி டோர்ச் அடிச்சு சொக்கெட்டுக்குள்ள பாருங்கோ. ஓரத்துப் பின்னில பச்சையோ கறுப்போ படிஞ்சிருக்கும். மைக்ரோ யூஎஸ்பியில ஓரத்துப் பின் ஒண்டுதான் 5 வோல்ட் வாற இடம். உப்பு ஈரம் இருக்கேக்க கரண்ட் ஓடினால் அந்தப் பின்தான் முதல் அரிச்சுப் போகும். அதால ஈரக் கையோட, கடற்கரையால வந்த கையோட செருகாதையுங்கோ.

துப்புரவாக்கிற விதம்: டப்பை முழுசா நிப்பாட்டுங்கோ. மரப் பல்லுக்குச்சியின்ர நுனியைத் தட்டையாச் சீவி, பஞ்சையும் தூசியையும் மெதுவா வெளிய இழுங்கோ. ஊசி, பின் ஒண்டும் வேணாம். 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோலைச் சின்ன பிரஷில தொட்டு ரெண்டு மூண்டு தரம் தேயுங்கோ. இருபது நிமிசம் காய விட்டிட்டுப் போடுங்கோ. தண்ணி, தேங்காயெண்ணெய், செண்ட் ஒண்டும் கூடாது.

மைக்ரோ யூஎஸ்பி ஆடுதெண்டு வந்தால் உடனே சொக்கெட்டைக் கழட்டாதையுங்கோ. அந்த வடிவத்தில பிடிச்சு வச்சிருக்கிற ரெண்டு சின்னக் கொழுக்கியும் வயரின்ர பிளக்கில இருக்கு. தேயிறதும் அதுதான். புது வயரில இறுக்கமா நிண்டால் வேலை முடிஞ்சுது.

தம்பலகாமம்

மீற்றரில 1.8 காட்டிப் பத்து நிமிசத்தில 0.6க்கு இறங்கினால் சூடு. பற்றரியோட ஒரு வெப்பச் சென்சர் இருக்கு, 45 பாகைக்குக் கிட்டப் போனால் டப் தானே குறைக்கும், இல்லாட்டி நிப்பாட்டும். கச்சான் அடிக்கிற ஆனி, ஆடியில தகரக் கூரைக்குக் கீழ, மெத்தைக்கு மேல, தடிச்ச ரப்பர் கவரோட போட்டால் வேற என்ன நடக்கும்? கவரைக் கழட்டி சீமெந்துத் தரையில வையுங்கோ, இல்லாட்டி விடியப்புறம் போடுங்கோ.

உவர்மலை

இவ்வளவும் பார்த்து முடிச்ச பிறகுதான் பற்றரி. அதைக் கண்டுபிடிக்கிறது ஏறுற விதத்தை வச்சு. 10இல இருந்து 80 வரைக்கும் ஒரே சீரா மெதுவா ஏறினால் குறை வெளியில. 60 வரைக்கும் வேகமா ஏறி அங்கால இழுபட்டு, 100 எண்டு காட்டிக் கழட்டின கொஞ்ச நேரத்தில 88க்கு விழுந்தால் பற்றரி. கிழட்டுப் பற்றரியில உள்தடை கூடியிருக்கும், வோல்ட் முந்தியே உச்சிக்குப் போயிடும், பிறகு சொட்டுச் சொட்டாத்தான் ஏறும்.

மாத்திறதெண்டால் மொடல் நம்பரைப் பார்த்து வாங்குங்கோ. அதே அளவுப் பற்றரியில 10,000 எண்டு ஒட்டியிருந்தால் அது பொய். திறந்த உடனே முதல் வேலை பற்றரிக் கொனெக்டரைக் கழட்டிறது. ஒட்டுப் பசைக்கு அல்ககோல் ரெண்டு சொட்டு விட்டுப் பிளாஸ்டிக் காட்டால தூக்குங்கோ. இரும்பு ஸ்குரூடிரைவரால நெம்பிக் குத்துப்பட்டால் நெருப்புத்தான்.

திருக்கடலூர்

அண்ணை, ரெண்டு வருசம் அலுமாரிக்குள்ள கிடந்த டப்? செருகினால் பற்றரிப் படம் வந்து வந்து மறையுது.

உவர்மலை

தம்பி, அது ஆழமா இறங்கின பற்றரி. 3 வோல்ட்டுக்குக் கீழ போனால் ஐசி வழமையில பத்தில ஒரு பங்கு அம்பியரைத்தான் விடும். நல்ல 2 அம்பியர் சார்ஜரில, பவர் பட்டனை அமத்தாம ரெண்டு மணித்தியாலம் விடுங்கோ. ஒவ்வொரு தரமும் அமத்திப் பார்த்தால் ஏறின கொஞ்சமும் திரைக்குப் போயிடும். மீற்றரில அரை மணித்தியாலமா 0.00 எண்டால் சொக்கெட்டைப் பாருங்கோ. பின் பக்கம் உப்பியிருந்தால், திரை ஓரத்தில இடைவெளி தெரிஞ்சால், செருகவே வேணாம். அப்பிடியே கடைக்குக் கொண்டு போங்கோ, குப்பையோட சேர்த்து எரிக்கிற வேலையும் வேணாம்.